குசினிச் சுவரின் ஓட்டை

என் மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் இரண்டு கேள்வி கேட்டாய். நீயும் மருமகனும் எடுத்திருக்கிற பழைய வீட்டைக் காசு கரையாமல் எப்படிச் சூடாக வைத்திருப்பது என்பது ஒன்று. சமைக்கிற குசினிச் சுவரில் கம்பிவலை போட்ட ஓட்டை ஒன்று இருக்கிறது, குளிர் அதற்குள்ளால்தான் வருகிறது, மருமகன் அதை அடைக்கப் போகிறார், எதனால் அடைத்தால் நல்லது என்பது மற்றது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவதைக் கேட்டதும், "அதை மட்டும் தொடாதை பிள்ளை, நான் எழுதுறன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். போன் கார்ட் முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். கார்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. வாய்விட்டுச் சொல்லத் துணியாத விஷயம் ஒன்று அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. எழுத்தில் என்றால் சொல்லிவிடுவேன் என்று பார்க்கிறேன். இங்கே கார்த்திகை மழை. பலெர்மோக் கடற்கரையில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் நான் வேலை செய்யும் உணவகத்துக்கு இந்த மாதம் ஆட்கள் வருவது குறைவு, அதனால் எனக்கு நேரமும் இருக்கிறது.

சுகமான கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அம்மாவும் நானும் இன்னும் குடியிருக்கிற இந்த வீட்டுக்கு நீயும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து சேர்ந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடி. ஏணி வைத்தாலும் எட்டாத முகடு, காலை வைத்தால் சில்லிடும் பூக்கல் தரை, பூட்டிய பிறகும் தெருவில் போகிறவனின் தொப்பி தெரியும் அளவுக்குச் சுருங்கிப்போன பல்கனிக் கதவுகள். வெயிலை நினைத்துக் கட்டிய வீடு இது. பலெர்மோவில் குளிரே இல்லை என்று இந்த ஊர்க்காரர் சொல்வார்கள். வீட்டுக்குள்ளும் கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்துதான் அதைச் சொல்வார்கள். இந்த வீட்டில் அப்போது சூடு தரும் பொருள் என்று இருந்தது, உள்ளே காஸ் சிலிண்டர் வைத்து உருட்டிக்கொண்டு போகும் அடுப்பு ஒன்றுதான். சிலிண்டரை மூன்று மாடி தூக்கி வருகிறவன் நான் என்பதால், அது எத்தனை நாளைக்கு வரும் என்ற கணக்கு என் நாரி எலும்புக்கு மனப்பாடம்.

இந்த வீட்டில் நான் படித்ததை உனக்குச் சொல்கிறேன். பகலில் வெயில் படும் பக்கத்துப் பலகைக் கதவுகளைத் திறந்து வை, வெயில் இறங்கியதும் மூடு. காசில்லாமல் கிடைக்கும் சூடு அது ஒன்றுதான். கதவின் அடியால் வரும் காற்றை மறிக்க, அம்மா நான் உடுத்திய பழைய சாரத்தை நீளமாகத் தைத்து மரத்தூள் அடைத்து வைத்தாளே, நீ அதற்கு வாலும் கண்ணும் வரைந்து பாம்பு என்று பெயர் வைத்தாய், அப்படி ஒன்று தைத்துக்கொள். கட்டிலை வெளிச் சுவரோடு ஒட்டிப் போடாதே. முழு வீட்டையும் சூடாக்குவது ஊருக்கெல்லாம் சோறு போடுகிற வேலை, நமக்குக் கட்டாது. ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே சமைத்து, படித்து, கதைத்து இருங்கள். ஈர உடுப்பை வீட்டுக்குள் காயப் போடாதே. முதல் குளிர்காலம் முழுக்க நாங்கள் அப்படிச் செய்து, சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம் பிடித்து, வீடு முன்னையைவிடக் குளிர்ந்தது. ஈரமான வீட்டைச் சூடாக்குவது ஈர விறகை ஊதுவது போலத்தான். ஒரு நாளைக்கு இரண்டு தரம், ஐந்து நிமிசம், எல்லா யன்னலையும் அகலத் திறந்து மூடு. சூடு போய்விடும் என்று பயப்படாதே, சுவரில் இருக்கிற சூடு ஐந்து நிமிசத்தில் போகாது. இதெல்லாம் பொலிதேயாமாப் பக்கம் அம்மா வேலை செய்த வீட்டு எசமானி, அந்தச் சிஞ்ஞோரா, சொல்லித் தந்தது பாதி, நாங்கள் பட்டுப் படித்தது பாதி.

இனி இரண்டாவது கேள்வி. நம்முடைய குசினியிலும் அப்படி ஓர் ஓட்டை இருக்கிறது. உள்ளங்கை அகலம், வட்டம், வெளிப்பக்கம் வலை. குளிக்கத் தண்ணீர் சுடவைக்கும் காஸ் பெட்டி குசினிச் சுவரில் இருப்பதால், அது எரிய வெளிக் காற்று வரவேண்டும் என்று போட்டது. வீட்டைக் கையில் தந்த அன்று, வீட்டுச் சொந்தக்காரனின் மகன் என்னை அதற்குக் கீழே நிற்பாட்டி, விரலை நீட்டி, இதை ஒரு நாளும் மூடக்கூடாது என்று சொன்னான். மொழி விளங்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய். நான் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருசமாகியிருந்தது, எனக்கு நன்றாக விளங்கியது. ஆனால் ஏன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குள்ளே ஒரு காரணத்தை நானே வைத்துக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்கு வீடு கொடுக்கிறவர்கள் அந்த நாளில் ஒரு சொல்லுச் சொல்லாமல் விடமாட்டார்கள். கறி வாசம், தாளித வாசம், சுவரெல்லாம் பிடித்துவிடும் என்பார்கள். எங்கள் சமையல் நாறும் என்றுதான் இவன் சுவரில் துளை போட்டு வைத்து, மூடாதே என்கிறான் என்று நினைத்தேன். அந்த ஓட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரோசம் வந்தது. கெடுகுடி சொற்கேளாது என்பதை மற்றவர்களுக்குச் சொல்லத்தான் படித்திருந்தேன்.

அந்த ஓட்டைக்கு நேர் கீழேதான் அம்மா சுவாமித் தட்டு வைத்திருந்தாள். வேறு இடம் இல்லை. கடல் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாளில் விளக்கு நிற்காது. அம்மா நெருப்புக் குச்சியைக் கிழிப்பாள், அது அணையும், திரும்பக் கிழிப்பாள். "இஞ்சேருங்கோ, இந்தக் காத்துக்கு ஏதாவது செய்யுங்கோவன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டாவது குளிர்காலம், மார்கழி மாதம், அவள் வேலைக்கும் நீ பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த ஒரு பகலில் நான் வேலையை முடித்தேன். பழைய துணிகளைப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, ஓட்டைக்குள் இறுக்கி அடித்து, அதன் மேல் தமிழ்க் கடைக்காரர் தந்த பிள்ளையார் கலண்டரைத் தொங்கவிட்டேன். அம்மா வந்து பார்த்தாள். படம் மறைப்பதால் காற்று வராது என்று சொன்னேன், துணி அடைத்ததைச் சொல்லவில்லை. ஒளிக்கவேண்டும் என்று அப்போது எண்ணமில்லை, பிள்ளையாரின் புண்ணியத்தால் விளக்கு நிற்கிறது என்று அவள் சந்தோசப்பட்டாள், அதைக் கெடுப்பானேன் என்று விட்டேன். விளக்கு ஆடாமல் நின்றது. குசினி சூடாக இருந்தது. அந்த மாதம் ஒரு சிலிண்டர் மிச்சம். பல்கனிக் கதவு, குசினி யன்னல் இடுக்குகளையும் பசை நாடாவால் ஒட்டி முடித்துவிட்டு, என்னைப்போல ஒருவன் இல்லை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

தை மாதத்தில் உனக்குத் தலையிடி தொடங்கியது. நீ இப்போது அதை மறந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது இடிக்காது, வீட்டுக்கு வந்து குசினியில் புத்தகத்தை விரித்தால் இடிக்கும். நான் கண்டுபிடித்த நோய், படிக்கக் கள்ளம். "வீட்டுப்பாடம் எண்டதும் தலையிடி வருதோ?" என்று உன்னைக் கேட்டேன். நீ புத்தகத்தைத் திரும்ப விரித்தாய். அம்மா, பனி பிடித்துவிட்டது, தலை ஈரம் காயவில்லை என்று மல்லித்தண்ணி அவித்துத் தந்து, உன்னைக் குளிர் படாமல் குசினியிலேயே படுக்கவைத்தாள். நாங்கள் இருவரும் உன்னில் அன்பாகத்தான் இருந்தோம். அன்பாக இருந்துகொண்டுதான் உன்னை அந்த அறைக்குள் வைத்துப் பூட்டினோம்.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி இருக்கும். நான் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ குசினிக்குப் பக்கத்துக் குளியலறையில் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தாய், சுவரில் காஸ் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. அம்மா விளக்கை ஏற்றிவிட்டு, புகைச்சட்டியில் இரண்டு கரித்துண்டு வைத்துச் சாம்பிராணி போட்டாள். விழுந்த சத்தம் கேட்டது. கதவைத் தள்ளித் திறந்தபோது நீ நிலத்தில் கிடந்தாய், கூப்பிட்டதற்குப் பதிலில்லை. அம்மா போட்ட சத்தத்துக்குக் கீழ் வீட்டுச் சிஞ்ஞோரா, மூட்டு நோவோடு படிக்கட்டில் ஊர்ந்து ஏறுகிற கிழவி, அன்றைக்கு எப்படி ஏறினாள் என்று தெரியவில்லை, ஒரே ஓட்டத்தில் மேலே வந்தாள். ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. "காற்று, காற்று" என்று அவர்கள் பாசையில் கத்திக்கொண்டு, நான் ஒட்டிய நாடாவையெல்லாம் கிழித்துக் கதவுகளைத் திறந்து, காஸைப் பூட்டி, உன்னைப் போர்வையில் சுற்றிப் பல்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நீ இன்றைக்கு உயிரோடு இருப்பது அந்த மனுசியால். அவளுடைய செத்தவீட்டில் நான் ஏன் அப்படி அழுதேன் என்று நீ பிறகு கேட்டாய்.

அம்புலன்ஸ் வந்தது. அம்மா உன்னோடு ஏறினாள். நான் ஏறவில்லை. காஸைச் சரிபார்த்து வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். ஒன்பது வருசமாக எல்லாருக்கும் அதையே சொல்லி வருகிறேன். காஸைச் சிஞ்ஞோரா ஏற்கனவே பூட்டிவிட்டாள். நான் நின்றது வேறு வேலைக்கு. அவள் "காற்று" என்று கத்திய அந்த நேரமே, வீட்டுக்காரனின் மகன் அன்றைக்கு ஏன் விரலை நீட்டினான் என்று எனக்கு விளங்கிவிட்டது. நீ பிழைப்பாயா என்று தெரியாது. ஆனால் என் தலைக்குள் ஓடியது, பொலிஸ் வரும், வீட்டுக்காரன் வருவான், சொல்லியும் மூடினான் என்று வழக்குப் போடுவான், பொலிஸ் தலைமையகத்தில், குவெஸ்தூராவில், புதுப்பிக்கக் கொடுத்திருந்த பெர்மெஸ்ஸோ, நாங்கள் இங்கே இருக்கிற அனுமதி, திரும்பி வராது, மூன்று பேரும் தெருவில், அல்லது விமானத்தில். கதிரையில் ஏறி, பிள்ளையாரைக் கழற்றி, துணிப் பையை இழுத்து எடுத்தேன். நான் இறுக்கி அடித்தது, சுலபத்தில் வரவில்லை. அதைச் சந்தைக் குப்பைக்குள் போட்டுவிட்டு, பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நான் போனபோது உனக்கு ஒட்சிசன் போட்டிருந்தார்கள், நீ கண் திறந்திருந்தாய். "அப்பா எங்கை?" என்று நீ இரண்டு தரம் கேட்டதாக அம்மா சொன்னாள்.

அடுத்த நாள், எதனால் நடந்தது என்று சோதிக்க ஆட்கள் வந்தார்கள். சுவர் ஓட்டை திறந்து கிடந்தது, கலண்டர் வேறு சுவரில் இருந்தது. யன்னல் நாடாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். காஸ் பெட்டியின் குழாயைத் தட்டிப் பார்த்தார்கள். இவை தவிர வீட்டில் வேறு என்ன எரிந்தது என்று கேட்டார்கள். அம்மா தானாகவே போய்ப் புகைச்சட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். வீட்டுக்குள்ளே கரியா என்று அந்த மனிதர் இரண்டு கையையும் தலையில் வைத்தார். எழுதிக்கொண்டார்கள். அம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். "நான்தானோ என்ரை பிள்ளைக்குப் புகை போட்டனான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. "சரி, விடும். பிள்ளை தப்பிட்டுது தானே" என்றேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இன்னும் முடியவில்லை. வந்தவர்கள் போனதும், வீடு முன்பு போலவே இருக்கவேண்டும் என்று கலண்டரைப் பழைய இடத்தில் தொங்கவிட்டேன். அடுத்த வெள்ளி அம்மா விளக்கேற்றினாள். பின்னால் துணி இல்லை, காற்று படத்தைத் தூக்கியது, விளக்கு அணைந்தது. திரும்ப ஏற்றினாள், அணைந்தது. மூன்றாம் முறை அவள் குச்சியைக் கிழிக்கவில்லை. "பிள்ளையார் மறைச்சு நிக்கேக்கையும் என்ரை கையாலை ஏத்தினது நிக்குதில்லை" என்றாள். அன்றோடு விளக்கு ஏற்றுவதையும் விட்டாள், சாம்பிராணி போடுவதையும் விட்டாள். சுவாமித் தட்டில் இப்போது எரிகிற அந்தச் சிவப்பு மின்குமிழை நான்தான் வாங்கிப் போட்டேன். உன் நண்பிகளின் வீட்டிலெல்லாம் விளக்கு, நம் வீட்டில் மட்டும் ஏன் குமிழ் என்று கேட்டாயே, அதற்குப் பதில் இது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க முடியாது என்று சொல்கிறவர்கள், மறைக்கிறவனுக்குப் பக்கத்தில் நம்புகிறவள் ஒருத்தி இருந்தால் என்ன நடக்கும் என்று பார்த்ததில்லை.

கணக்கு உனக்கும் விளங்கவேண்டும். அந்தப் புகைச்சட்டி ஒரு வருசத்துக்கு மேலாக அந்தக் குசினியில் வெள்ளிதோறும் எரிந்தது. ஓட்டை திறந்திருந்த வரையில் ஒருவருக்கும் தும்மல் கூட வரவில்லை. அடைத்து இரண்டு மாதத்தில் நீ விழுந்தாய். காஸ் பெட்டியும் உருட்டு அடுப்பும் உள்ளே எரிய, வெளியிலிருந்து காற்று இல்லை, எரிவதில் வரும் நச்சுக் காற்று போக வழி இல்லை. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அம்மாவும் நானும் வேலைக்கு வெளியே போய்வந்து தப்பினோம், நீதான் அதற்குள்ளேயே இருந்தாய். தலையிடிதான் அதன் குரல், அதையும் நான் கள்ளம் என்று சொன்னேன். இரண்டு துண்டுக் கரி அதற்குள் ஒரு கை மண் போட்டிருக்கும், ஆனால் குழி தோண்டியவன் நான். மருமகன் கெட்டிக்காரர், எனக்குத் தெரியும். கெட்டிக்காரர்தான் இந்தப் பிழையை விடுவார்கள், சோம்பேறி ஓட்டையை அப்படியே விட்டிருப்பான். அவரிடம் இதை வாசித்துக் காட்டு. ஒவ்வொரு வருசமும் குளிர் தொடங்கமுன் காஸ் பெட்டியையும் புகைக் குழாயையும் தெரிந்த ஆளைக் கொண்டு துப்புரவாக்கச் சொல். வீட்டுக்காரன் ஒன்றைச் செய்யாதே என்று சொன்னால், ரோசப்படமுன் ஏன் என்று கேட்கச் சொல்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் அந்த ஓட்டை மட்டும் இல்லை. தை மாதம் உனக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. அம்மா வரமாட்டேன் என்கிறாள். வேலை விடமாட்டார்கள், முழங்கால் நோகுது, ரயிலில் அவ்வளவு தூரம் முடியாது என்று உனக்குச் சொன்னாள். எனக்குச் சொன்னது வேறு. "பிறந்த பிள்ளையைக் குளிக்கவாத்துப் புகை காட்டவேணும். அதைச் செய்ய என்ரை கை வேண்டாம். ஒருக்காச் செய்தது போதும்" என்றாள். நீயும் போன மாதம் தொலைபேசியில், விளையாட்டாகத்தான், "அம்மா வந்தாச் சாம்பிராணியை மட்டும் ஒளிச்சு வைக்கோணும்" என்று சிரித்தாய். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்று உனக்குத் தெரியாது. உன்னில் பிழை இல்லை. நான் சொல்லித் தந்த கதையைத்தானே நீ சொன்னாய். நான் வெட்கப்படுகிறேன், மகள். இந்தச் சொல்லை எழுதவே மூன்று நாள் எடுத்தது.

உனக்கு அனுப்பமுன் அம்மா வாசிக்கவேண்டும் என்று இன்று காலை கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். குசினி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாக, சுவாமித் தட்டுக்கு முதுகு காட்டியபடி வாசித்தாள். நான் கோப்பைகளைக் கழுவினேன், கழுவினதையே திரும்பக் கழுவினேன். முடித்ததும் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு ஒரே ஒன்று கேட்டாள்.

"அண்டைக்கு நீங்கள் அம்புலன்சிலை ஏறாதது இதுக்கோ?"

"ஓம்" என்றேன்.

திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எழும்பிப் போய்ப் பிள்ளையார் படத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஓட்டைக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துக் காற்றுப் படும்படி நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வேலைக்குப் போய்விட்டாள். பின்னேரம் வந்தவள் அலுமாரிக்கு மேலிருந்து பயணப் பெட்டியை இறக்கினாள். பொழுது பட்டபோது என் பக்கம் திரும்பாமலே, "புகைச்சட்டியை எங்கை எறிஞ்சனீங்கள்?" என்று கேட்டாள். எறிந்துவிடச் சொல்லி அவள் தந்ததை நான் எறியவில்லை. ஒன்பது வருசமாகக் கட்டிலுக்குக் கீழே என் சாமான் பெட்டிக்குள், துணியில் சுற்றி, நான் மட்டும் அறிய அது கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். சாம்பலைத் தட்டி, கழுவி, துவாயில் சுற்றி, உன் பிள்ளைக்குப் பின்னிய உடுப்புகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடினாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. வீடு நன்றாகக் குளிர்ந்து கிடக்கிறது, இந்தக் குளிருக்கு என்னிடம் யோசனை இல்லை.

தை பிறக்கமுன் வந்துவிடுவாள், நாளை நான் போய் அவளுக்கு ரயில் பதிவு செய்கிறேன். நீ அவளிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதே, அவளாகச் சொன்னால் கேள். பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்து அவள் அந்தச் சட்டியில் கரியை வைக்கும்போது யன்னலை அகலத் திறந்து வை, புகை பிள்ளையின் முகத்தில் படாமல் பார்த்துக்கொள். குளிருக்குப் பயப்படாதே. அவளே குச்சியைக் கிழிக்கட்டும். அப்போது நீ வேறு வேலைக்கு எழும்பிப் போகாமல், அவளுக்குப் பக்கத்தில் நில்.

அப்பா